எக்ஸ்போர்ட் கொடுத்தாலும் அணையும், சாயங்காலம் சும்மா இருந்தாலும் அணையும்: கம்ப்யூட்டரின் மதர்போர்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். கேட்டவர் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். அடுத்த தோப்பைத் தாண்டினால் தேங்காய் நார் மில். 2019-ல் வாங்கிய டெஸ்க்டாப், ஐ5 பிராசஸர், எட்டு ஜிபி ராம். பிளஸ் ஒன் படிக்கும் மகள் வீடியோ எடிட்டிங் பழகுகிறாள் என்று யாரோ கொடுத்த பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக எடுக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பட்டென்று அணைகிறது. இது போதாதென்று, சில நாள் சாயங்காலம் யாரும் தொடாமல் இருக்கும்போதே அணைகிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாயிற்று, மாற்றமில்லை. கடைக்காரர் "போர்டு போயிருச்சு" என்கிறார். மாற்றலாமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் இங்கே ஒரு கோளாறு இல்லை, இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. வேலை கொடுத்தால் அணைவது ஒன்று. சாயங்காலம் சும்மா இருக்கையில் அணைவது இன்னொன்று. முதலாவதற்குக் காரணம் பெட்டிக்குள் இருக்கும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு தேடினால் எதைச் சரிசெய்தாலும் "இன்னும் அணையுதே" என்றுதான் முடியும். கடையில் வைத்தால் நாள் முழுக்க ஓடுகிறது, வீட்டுக்குக் கொண்டுவந்தால் அணைகிறது என்றால் மெக்கானிக்குக்கும் வேறு வழி தெரியாமல் கடைசியில் போர்டு மேல் பழி விழும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே நாளில் யூபிஎஸ்ஸையும் மாற்றி, பிராசஸர் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் போட்டு, கார்டையும் கழற்றினால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் எப்படி அணைகிறது என்பதைக் கவனியுங்கள். ஃபேன், லைட் எல்லாம் ஒரே நொடியில் நின்று பிளக்கைப் பிடுங்கியது போல் போனால் அது மின்சாரம் அல்லது சூடு சம்பந்தப்பட்டது. அணைந்து உடனே தானாக மறுபடி கிளம்பினால், நீலத்திரை வந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. விண்டோஸ் அதைக் கண் இமைக்கும் நேரம் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும். ரன் பெட்டியில் 'sysdm.cpl' என்று கொடுத்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரிக்குள் போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும். மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். திரை மட்டும் கறுத்து ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் அது அணைந்ததே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டோ மானிட்டர் வயரோ ஸ்லீப் செட்டிங்கோ செய்யும் வேலை.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். அணைந்த நேரத்தை ஒட்டி 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு சிவப்புக் குறி நிற்கும். இதைப் பார்த்ததும் பலர் இதுதான் வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். "போன முறை நான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்று மறுபடி எழுந்தபின் விண்டோஸ் எழுதும் குறிப்பு அது, அவ்வளவுதான். அதற்குள் டீட்டெயில்ஸ் பக்கத்தில் 'பக்செக்கோட்' என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. டிரைவர், ராம் பக்கம் போக வேண்டும். பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்டு போயிருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். 41-க்குப் பதில் 1074 இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ அப்டேட்டோ முறையாகச் சொல்லி அணைத்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் குறிப்புகளின் நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிவையுங்கள். சாயங்காலம் ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் குவிந்தால் என் சந்தேகம் உறுதி.

சரி, முதலில் சாயங்காலக் கோளாறு. நம் பக்கம் அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் லைட், மிக்ஸி, ஏசி ஓடும். தோட்டத்து மோட்டாரும் சேர்ந்தால் லைன் இறங்கும். மில்லும் நீங்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்தால் மில் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் வீட்டு பல்பு ஒருமுறை மங்கி எழும். அந்த நொடியில் யூபிஎஸ்ஸில் 'டக்' என்று ரிலே சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். வோல்டேஜ் அதன் எல்லைக்குக் கீழே போனதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறப் பார்க்கிறது. பேட்டரி நன்றாக இருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி செத்திருந்தால் மாறிய வேகத்தில் கம்ப்யூட்டர் அணையும். லைன் உடனே திரும்பிவிடுவதால் வீட்டில் வேறு எதுவும் அணையாது. அதனால்தான் "கரண்டே போகலையே, எப்படி அணையும்" என்று குழப்பம் வருகிறது.

வீட்டு யூபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. இரண்டு மூன்று வருடம்தான் அதன் ஆயுள், சூட்டில் அதுவும் குறையும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மேசைக்கு அடியில் காற்றில்லாத மூலையில் கிடக்கும் பேட்டரி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சோதிக்க கம்ப்யூட்டரைப் பலிகொடுக்க வேண்டாம். கம்ப்யூட்டர் பிளக்கை எடுத்துவிட்டு, பழைய 100 வாட் குண்டு பல்பை யூபிஎஸ்ஸில் மாட்டி எரியவிடுங்கள். பிறகு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பல்பு ஐந்து நிமிடமாவது நின்று எரிந்தால் பேட்டரியில் உயிர் இருக்கிறது. பட்டென்று அணைந்தால் புதுப் பேட்டரி போடுங்கள். முழு யூபிஎஸ் வாங்கத் தேவையில்லை.

வீட்டு இன்வெர்ட்டர் லைனில் யூபிஎஸ்ஸை மாட்டியிருந்தால் அது தனிக்கதை. விலை குறைந்த பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் கொடுக்கும் கரண்டைப் பல யூபிஎஸ்கள் கரண்டாகவே மதிப்பதில்லை. வெளியே கரண்டு போனதும் இன்வெர்ட்டர் ஓடும், யூபிஎஸ் மட்டும் தன் பேட்டரியைத் தின்றுகொண்டு 'பீப்' அடித்து, தீர்ந்ததும் அணைந்துவிடும். யூபிஎஸ் இல்லாமல் நேராக இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறீர்கள் என்றால், இன்வெர்ட்டர் பின்பக்கம் 'யூபிஎஸ் மோடு', 'நார்மல் மோடு' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யூபிஎஸ் மோடில் வையுங்கள். நார்மலில் அது லைனிலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரத்தை ஃபேன், டியூப்லைட் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. கம்ப்யூட்டருக்குள் எல்லா பாகத்துக்கும் கரண்டைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

வோல்டேஜையும் ஒருமுறை பாருங்கள். பிளக்கில் செருகினால் எண் காட்டும் சின்ன மீட்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். காலையில், மதியத்தில், ராத்திரி எட்டு மணிக்கு என்று குறித்துவையுங்கள். வர வேண்டியது 230. சாயங்காலம் 180, 190 என்று நின்றால் கே.எஸ்.இ.பி. (கேரள மின் வாரியம்) செக்‌ஷன் ஆபீஸில் அந்தத் தாளோடு போய் எழுதிக்கொடுங்கள், அல்லது 1912-க்குப் போன் செய்து பதியுங்கள். "வோல்டேஜ் கம்மி சார்" என்று வாயால் சொல்வதைவிட நேரமும் எண்ணும் எழுதிய தாளுக்கு மதிப்பு அதிகம். ஒன்று மட்டும் அவசரம்: ஒரு அறையில் பல்பு பிரகாசமாகி, இன்னொரு அறையில் மங்கினால், அல்லது மீட்டர் 260, 270 என்று ஏறினால், மெயினை அணைத்துவிட்டு உடனே சொல்லுங்கள். நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அப்படியென்றால் கம்ப்யூட்டர் மட்டுமில்லை, ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போகும்.

இனி எக்ஸ்போர்ட் கோளாறு. இதற்கு இரண்டு பேர் மேல் சந்தேகம்: சூடு, எஸ்எம்பிஎஸ். இவர்களில் யார் என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. 'எச்டபிள்யூஇன்ஃபோ' (HWiNFO) என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் பக்கத்தைத் திறந்து, கீழே இருக்கும் லாகிங் பட்டனை அழுத்திவிட்டு எக்ஸ்போர்ட் கொடுங்கள். ஒவ்வொரு சில நொடிக்கும் சூட்டை ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அணைந்தபின் மறுபடி ஆன் செய்து அந்த ஃபைலின் கடைசி வரியைப் பாருங்கள். இது தலைவலி என்றால் மொபைலை எதிரில் நிறுத்தி திரையை வீடியோ எடுத்தாலும் போதும், கடைசி எண் தெரிந்துவிடும்.

இந்த வகை இன்டெல் பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். அதையும் மீறி ஏறினால்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணையும். ஆகவே கடைசி வரியில் 98, 100 என்று நின்று, அதற்குச் சில நிமிடம் முன்பே எக்ஸ்போர்ட் வேகம் மந்தமாகியிருந்தால் சூடுதான். 70, 75-ல் நிற்கும்போதே பட்டென்று போயிருந்தால் பிராசஸர் சூட்டைக் குறை சொல்லாதீர்கள், நேராக எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் சூடும் அதே ஃபைலில் இருக்கும். அது 85-க்குள் இருந்தால் கவலையில்லை.

உங்கள் வீடு நார் மில் பக்கம் என்பதால் சூட்டையும் லேசில் விடமாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, நார் பிரிக்கும்போது உதிர்ந்து மில் களத்தில் காயும் பித் தூள் பறந்து வீட்டுக்குள் வரும். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால் பிராசஸர் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், "ஃபேன் ஓடுது, சுத்தமாத்தான் இருக்கு" என்று மூடிவிடத் தோன்றும். அந்த ஃபேனைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள். ஃபேனுக்கும் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில், பழுப்பு நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் படிந்திருக்கும். விரலால் பிடித்தால் முழுசாக உரிந்து வரும். காற்று தகட்டுக்குள் போகவே முடியாது, மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டாலே பதினைந்து, இருபது டிகிரி இறங்குவது சாதாரணம்.

பித் தூளில் இன்னொரு தொந்தரவும் உண்டு. அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் உப்பும் இருக்கும். பித் கட்டி வியாபாரத்தில் 'ஹை ஈசி', 'லோ ஈசி' என்று பேசிக்கொள்வார்களே, அந்த ஈசி உப்பைக் காட்டும் அளவுதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய இந்தத் தூள் போர்டு மேல் படிந்து கிடப்பது நல்லதில்லை. சாதாரணத் தூசி வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்பார்கள். உங்கள் வீட்டுக்கு ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுபோய் புளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். புளோயர் காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போகும். அந்த அலுமினியத் தகட்டுக் கட்டை, அதாவது ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, புதிய பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்க்குக்கு நாலு பிளாஸ்டிக் ஊசிக்கால் உண்டு. தலையில் இருக்கும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் விடுபடும். திரும்ப மாட்டும்போது எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, மூலைக்கு மூலை எதிரெதிராக 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். இதில் ஒரு கால் மட்டும் பாதி இறங்கி நிற்பது நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஹீட்சிங்க்கை லேசாக ஆட்டினால் ஒரு பக்கம் ஆடும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கொடுத்தவர் கை பட்டு அந்தக் கால் எழும்பியிருக்கவும் இடமுண்டு. அப்புறம், கம்ப்யூட்டர் மேசையில் சிபியு வைக்க என்று கதவு போட்ட ஒரு அறை இருக்கும். அந்தக் கதவைக் கழற்றி எறிந்துவிடுங்கள்.

சூடு இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ். உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான், ஏனென்றால் கார்டு போட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை விடுங்கள். ஸ்டிக்கரில் பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். பிராசஸருக்கு 65 வாட் என்று பெயர், வேகமெடுக்கும்போது அதையும் தாண்டும். ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட். ஃபேன், ஹார்ட் டிஸ்க் தனி. தாளில் கூட்டினால் 168-க்குள் அடங்குவது போலத்தான் இருக்கும். ஆனால் 2019-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மலிவு எஸ்எம்பிஎஸ், சூடேறிய நிலையில், ஸ்டிக்கரில் போட்டதைத் தரும் என்று நம்புவதற்கில்லை. டைப் அடித்தால் ஓடுகிறது, எக்ஸ்போர்ட் கொடுத்தால் அணைகிறது என்பதற்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இதை உறுதிசெய்யப் பைசா செலவில்லை. கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் வயரைப் போர்டிலேயே இருக்கும் எச்டிஎம்ஐயில் மாட்டி, அதே எக்ஸ்போர்ட்டைக் கொடுங்கள். மெதுவாக ஓடும், ஓடட்டும். முடியும்வரை அணையாமல் நின்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கார்டைத் தாங்கும் தெம்பில்லை என்று பொருள். உங்கள் பிராசஸர் பெயர் 'எஃப்' எழுத்தில் முடிந்தால் மட்டும் இந்த வழி சரிப்படாது. அந்த வகையில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. அப்போது தெரிந்தவரிடம் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒருநாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், வேலை கொடுத்துக்கொண்டே மஞ்சள் வயரை அளந்து பார்க்கலாம்: 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வேலை ஏற ஏற 11.4-க்குக் கீழே சரிந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. சரியாக 12 காட்டினாலும் நிரபராதி என்று விடுவிக்க முடியாது, ஒரு கணச் சரிவை மீட்டர் காட்டாது.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே பல்லி செத்துக் கிடக்கும், எறும்பு புற்று வைத்திருக்கும், எல்லாம் நம் ஊரில் சகஜம்தான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். தீய்ந்த நாற்றம் வந்தால் அப்படியே மாற்றிவிடுங்கள். 450 வாட்டில், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளது உங்களுக்குப் போதும். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கிடைக்கும்.

மற்றவை சில்லறைச் சந்தேகங்கள். கேபினெட்டின் பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு நின்றால் நாலு நொடி அழுத்திப் பிடித்ததாக எண்ணி அணைத்துவிடும். ஆன் செய்த சில நொடியிலேயே அணைந்தால் முதலில் இதைப் பாருங்கள். யூஎஸ்பி துளைக்குள் பின் வளைந்து தொட்டுக்கொண்டிருந்தால் சில போர்டுகள் 'ஓவர் கரண்ட்' என்று காட்டி 15 நொடியில் அணைக்கும். ராம் கோளாறு பெரும்பாலும் நீலத்திரையாகவோ ரீஸ்டார்ட்டாகவோ வரும், இப்படி மொத்தமாக அணைக்காது. எதற்கும் எடுத்து, தங்கநிறக் காலை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டலாம்.

விண்டோஸ் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் அதையும் தீர்த்துக்கொள்ளலாம். உங்கள் மகள் பத்தாம் வகுப்புவரை ஐடி பாடத்துக்குப் பயன்படுத்திய, கேரளப் பள்ளிகளுக்கு 'கைட்' அமைப்பு தரும் உபுண்டு (விண்டோஸுக்குப் பதில் ஓடும் இன்னொரு ஓஎஸ்) வீட்டில் பென் டிரைவிலோ டிஸ்கிலோ இருக்கும். அதில் பூட் செய்து இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டி, பெரிய வீடியோ ஒன்றைப் போட்டு வேலை வாங்குங்கள். அதிலும் அணைந்தால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மறுபடி ஃபார்மேட் செய்யச் சொல்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

போர்டு போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. பிராசஸரைச் சுற்றியிருக்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ போர்டுதான். நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டி, கார்டு இல்லாமல், ஒரே ஒரு ராமோடு, விண்டோஸ் ஏறும் முன் வரும் பயாஸ் திரையில் சும்மா விட்டாலும் அரை மணியில் அணைகிறது, சூடும் ஏறவில்லை என்றால் அப்போதும் போர்டுதான். அந்தச் சோதனையைக் கடைக்காரரிடமே செய்துகாட்டச் சொல்லுங்கள். அவரிடம் ஸ்பேர் எஸ்எம்பிஎஸ் கட்டாயம் இருக்கும், அரை மணி நேரம் கடையில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.